தணிந்த ஒலி, நிறைந்த நாதம்: பாலக்காடு, இடுக்கி எல்லைகளில் ஒலிவாங்கியின் வரலாறு

தமிழ்ப் பாடகர் ஒருவரிடம் அவருடைய சுருதி என்னவென்று கேட்டால், 'ஒன்றரைக் கட்டை' என்றோ 'ஐந்தரைக் கட்டை' என்றோ விடை வரும். இங்கே கட்டை என்பது ஆர்மோனியத்தின் விசைக்கட்டை. மேற்கத்திய முறையில் 'சி' எனப்படும் வெள்ளைக் கட்டை ஒன்று, 'டி' இரண்டு, 'ஈ' மூன்று என எண்ணிக்கை ஏறிச் செல்லும். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரைகளாகும். கருநாடக இசைக் கச்சேரி மேடை ஆர்மோனியத்தைப் பக்கவாத்தியமாக ஏற்கவில்லை. அகில இந்திய வானொலியோ 1940 மார்ச் 1 முதல் அதற்குத் தடையே விதித்தது. ஆயினும், அப்பெட்டியின் கட்டையைக் கொண்டே இன்றும் குரல்கள் அளக்கப்படுகின்றன. மேடையில் இடம் கிடைக்காத கருவி மொழியில் நிலைத்துவிட்டது.

கட்டை என்னும் இவ்வளவுகோல் பாடுவோரின் தொண்டையை மட்டும் அளந்ததில்லை. பாடுவோருக்கும் கேட்போருக்கும் இடையிலிருந்த தொலைவையும் அது மறைமுகமாக அளந்தது. ஒலிவாங்கி வருமுன் திறந்தவெளி நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேரவேண்டுமாயின், குரல் மேலே ஏறியாக வேண்டும். 1933இல் இளம் வயதிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் அக்காலத்து உச்சத்துக்குச் சான்று. 1930களுக்குப் பின் ஒலிபெருக்கி பரவியபோது ஆண் பாடகர்களின் சுருதி படிப்படியாக இறங்கியது. உரத்து ஒலிக்காமலே நிறைவாக ஒலிப்பது அப்போதுதான் இயலக்கூடிய ஒன்றாயிற்று. இன்று தன் வீட்டு அறையில் மவுத் ஆர்கனையும் சிறியதொரு ஒலிபெருக்கியையும் வைத்துக்கொண்டு, அண்டை வீட்டாரை எழுப்பாமல் நல்ல நாதத்தைத் தேடுகிற ஒருவரின் சிக்கலும் இதுவே. அதன் தமிழ் வரலாற்றைத் தேடிச் செல்வோர் மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு எல்லைகளுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது: ஒன்று பாலக்காடு, மற்றொன்று இடுக்கி.

முதலில் கருவியைப் பார்க்கலாம். மவுத் ஆர்கனும் ஆர்மோனியமும் சுருதிப் பெட்டியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு துளையின் மேல் ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட மெல்லிய உலோக நாக்கு, அதாவது ரீடு, காற்றோட்டத்தில் துளையினூடாக முன்னும் பின்னும் ஊசலாடுவதால் ஒலி பிறக்கிறது. சீனத்தின் 'ஷெங்' என்னும் பழங்கருவியிலும் இந்நுட்பம் உண்டு. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இது பல வடிவங்கள் பெற்றது. பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் ஆர்மோனியத்துக்கு உரிமம் பெற்றார். ஜெர்மனியின் திரொசிங்கன் என்னும் சிற்றூரில் மத்தியாஸ் ஹோனர் 1857இல் மவுத் ஆர்கன் பட்டறை தொடங்கினார். கால்மிதியால் இயங்கிய ஐரோப்பிய ஆர்மோனியத்தைத் தரையில் அமர்ந்து கையால் துருத்தி இயக்கி வாசிக்கும் பெட்டியாக மாற்றியது கல்கத்தா. அங்கிருந்து பார்சி நாடகக் குழுக்கள் வழியாகவும் இசை நாடகங்கள் வழியாகவும் அது தமிழ் மேடைக்கு வந்தது.

ரீடின் ஒலியில் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்களும் செறிந்திருக்கும். ஆதலால் அது கூர்மையாகக் காதில் விழும். ஆனால், மவுத் ஆர்கனின் உடல் சிறியது. வீணைக்குக் குடம் இருப்பதுபோல் ஒலியைத் திரட்டித் தரும் பெரிய அறை அதற்கு இல்லை. வாசிப்பவரின் வாயும் தொண்டையும், கருவியைப் பொதிந்து பிடிக்கும் இரு கைகளுமே அதன் குடம். கைகளைக் குவித்தால் ஒலி கனத்து இருளும். விரித்தால் வெளுத்துப் பரவும். எனவே, நல்ல நாதத்தின் பெரும்பகுதி மின்சாரம் தொடுவதற்கு முன்பே உருவாகிவிடுகிறது.

இந்தக் குடத்துக்குள் ஒலிவாங்கியையே வைத்து மூடிவிட்டால் என்னவாகும் என்பதை உலகுக்குக் காட்டியவர் சிகாகோவின் கறுப்பினக் கலைஞர் லிட்டில் வால்டர் (1930–1968). மின்கித்தாரின் பேரொலிக்கு நடுவே மவுத் ஆர்கன் கேட்கவேண்டும் என்பதற்காக, அறிவிப்புகளுக்கும் பேச்சுக்கும் செய்யப்பட்ட மலிவான ஒலிவாங்கியைக் கருவியோடு சேர்த்துக் கைக்குள் பொதிந்து வாசித்தார். 1952 மே மாதத்தில் அவர் பதிவுசெய்த 'ஜூக்' என்னும் இசைத்தட்டு அவ்வொலியைப் புகழ்பெறச் செய்தது. அங்கே நடந்தவை மூன்று. ஒலிவாங்கி மிக அருகில் இருந்ததால் மென்மையான மூச்சும் வலிய மின்சைகையாயிற்று. திறந்த வெளியில் தொலைவு பாதியானாலே ஒலியழுத்தம் இருமடங்காகும், அதாவது 6 டெசிபெல் கூடும். அடுத்து, மூடிய கைகள் கூர்மையை வடிகட்டின. மூன்றாவதாக, கண்ணாடி வால்வுகளால் ஆன ஒலிபெருக்கி, தாங்கும் அளவுக்கு மேல் சைகை வந்தபோது அலையின் முகடுகளை மழுக்கி, கருவியில் இல்லாத ஒரு தடிப்பைச் சேர்த்தது. உரத்த ஒலி வேண்டிக் கையாண்ட முறை புதியதொரு நாதத்தையே பெற்றுத் தந்தது.

அந்த நாதத்தை வீட்டில் தணிந்த ஒலியில் பெற முயல்வோர் ஒரு தடையைச் சந்திப்பர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளெச்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு அதன் காரணத்தை விளக்குகிறது. மனிதச் செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் உணர்வதில்லை. ஒலி குறையக் குறைய, தாழ்ந்த அதிர்வெண்கள் மற்றவற்றைவிட விரைவாகச் செவியிலிருந்து மறைகின்றன. பெரிய மேடையில் கனமாக ஒலித்த அதே இசை, குமிழைத் திருகிக் குறைத்தவுடன் மெலிந்து சப்பையாகக் கேட்பது இதனாலேயே. பெரிய ஒலிபெருக்கியைக் குறைத்து வைப்பதைவிட, சில வாட் ஆற்றலே கொண்ட சிறிய வால்வுக் கருவியை அதன் முழு அளவில் இயக்குவதும், கூர்மையைத் தணித்துத் தாழ்சுரங்களைச் சற்றே உயர்த்துவதும், ஒலிவாங்கியைச் சுற்றிக் கைகளை இடைவெளியின்றி மூடுவதும் பயன்தரக் காரணம் இங்கேதான் இருக்கிறது. சுருங்கச் சொன்னால், ஒலியின் அளவும் நாதத்தின் நிறைவும் வெவ்வேறு. முன்னதைக் குறைத்தாலும் பின்னதைக் காப்பாற்ற வழியுண்டு.

ஒலியின் அளவும் நாதமும் வெவ்வேறு என்ற இவ்வுண்மையை மின்னணுவியல் படிக்காமலே உணர்ந்திருந்த ஊர்களுள் பாலக்காடு ஒன்று. 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த அவ்வூரின் அக்கிரகாரங்கள் 20ஆம் நூற்றாண்டுக் கருநாடக இசைக்குத் தந்த கலைஞர்கள் பலர். அவர்களுள் நால்வர் ஒலிவாங்கிக்கு நான்கு விதமாக விடையளித்தனர்.

செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) ஒலிவாங்கி இல்லாக் காலத்தில் உருவான குரல்; கணீரென ஒலித்த அவருடைய சாரீரத்துக்குக் கருவியின் துணை தேவைப்படவில்லை. மஞ்ஞப்புரையில் பிறந்த எம். டி. ராமநாதன் (1923–1984) எதிர்த்திசையில் நின்றார். மிகத் தாழ்ந்த சுருதியில், மிக விளம்பமான காலத்தில் பாடிய அக்குரல் ஒலிபெருக்கி இல்லாத பெருங்கூட்டத்தில் கரைந்துபோயிருக்கும். பாலக்காடு கே. வி. நாராயணசுவாமி (1923–2002) மென்மையையே தம் அழகாக்கிக்கொண்டார். இம்மூவரும் கிட்டத்தட்ட ஒரே வட்டாரத்தில் பிறந்தவர்கள். முதல்வருக்கும் ஏனைய இருவருக்கும் இடையிலிருந்த ஒரு தலைமுறைக் காலத்தில்தான் ஒலிவாங்கி மேடையேறியது.

நான்காமவர் பாலக்காடு மணி ஐயர் (1912–1981). சாத்தபுரம் சுப்பையரிடமும் பின்னர்த் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடமும் மிருதங்கம் பயின்றவர். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதை 1966இல் பெற்றவர். அவ்விருதைப் பெற்ற முதல் மிருதங்கக் கலைஞர். புகழின் உச்சியில் இருந்தபோது அவர் ஒலிவாங்கியை மறுத்தார். அது மிருதங்கத்தின் இயல்பான நாதத்தைச் சிதைக்கிறது என்பது அவர் கொள்கை. ஒலிவாங்கி வைத்த மேடைகளில் வாசிப்பதில்லை என்ற முடிவால் அவருக்குக் கச்சேரிகள் குறைந்தன, வருவாயும் குறைந்தது. ஒலிவாங்கியற்ற கச்சேரிகள் அவருக்காகவே சில இடங்களில் ஏற்பாடு செய்யப்பட்டன.

இதைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால், மிருதங்கத்தின் அமைப்பும் அக்கால ஒலிபெருக்கியின் அமைப்பும் அவர் பக்கமே பேசுகின்றன. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பி எழுப்பும் கும்கி, மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலிப்பது. வலந்தலையின் கரணையோ கூர்மையான, சுருதி சேர்ந்த ஒலி தருவது. இவ்விரண்டின் விகிதமே மிருதங்கத்தின் நாதம். மரத்திலும் கம்பத்திலும் கட்டப்பட்ட கூம்பு ஒலிபெருக்கிகள் மனிதப் பேச்சு தெளிவாகக் கேட்பதற்கென அமைந்தவை. சில நூறு ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலியை அவை பெரும்பாலும் கடத்துவதில்லை. ஆகவே, அவற்றின் வழியே கும்கி மறையும். வலந்தலை மட்டும் 'டக் டக்' என்று எஞ்சும். மணி ஐயர் மறுத்தது மின்சாரத்தை என்பதைவிட, விகிதம் குலைவதை என்பதே பொருந்தும்.

அந்த விகிதத்தை உருவாக்கியவர்கள் யார் என்பதையும் இங்கே கேட்கவேண்டும். தஞ்சையில் மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்தவர் பர்லாந்து. தோலைத் தேர்ந்து, வார் பிடித்து, கரணை இட்டு, கலைஞரின் செவி கேட்ட நாதத்தைத் தம் கையால் கண்டவர். தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்த இத்தகைய கைவினைஞர்களின் உழைப்பை டி. எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) என்னும் ஆங்கில நூல் விரிவாகப் பதிவு செய்கிறது. ஒலிவாங்கி பெருக்கிய கைத்தட்டலில் அவர்கள் பங்கு கேட்கவில்லை. ஒலிவாங்கி இல்லாச் சிறு அறையில், தணிந்த ஒலியில், ஒரு தோலின் குரலை நுணுகிக் கேட்ட செவிகளுள் அவர்களுடையவையும் அடங்கும். நாதம் பற்றிய வரலாறு கலைஞரோடு மட்டும் முடிவதாயின் அது பாதி வரலாறே.

மிருதங்கம் ஒலிபெருக்கியால் இழந்ததை ரீடு பெற்றது. கூம்பு ஒலிபெருக்கி எந்த அதிர்வெண்களை நன்கு கடத்துகிறதோ, ஆர்மோனியத்தின் செறிந்த மேற்சுரங்கள் பெரும்பாலும் அங்கேயே வாழ்கின்றன. மக்கள் மேடைகளில் ஆர்மோனியமும் மைக் செட்டும் இணைபிரியாமல் போனதற்குச் சமூகக் காரணங்களோடு இந்த இயற்பியல் காரணமும் உண்டு.

வானொலியோ வேறு முடிவுக்கு வந்தது. ரீடின் சுரம் நிலையானது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதற்கு எட்டாது. அதன் சமன்செய்த சுர இடைவெளிகள் இந்திய சுருதிகளோடு பொருந்தா. இவை தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். தில்லி வானொலியின் மேற்கத்திய இசைப் பிரிவில் பணியாற்றிய ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் பவுல்ட்ஸ் ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடி எழுதினார். தாகூரும் அதை விரும்பவில்லை. அப்போதைய தலைமை அதிகாரி லயனல் பீல்டன் காலத்தில் தடை வந்தது. 1971இல்தான் வரம்புகளோடு தளர்ந்தது. இதில் நகைமுரண் ஒன்றுண்டு. வானொலிப் பெட்டியே வீட்டுக்குள் தணிந்த ஒலியில் இசையைக் கொண்டுவந்த முதல் கருவிகளுள் ஒன்று. பெருக்கிய ஒலியைச் சிறிய அறைக்குள் அளவோடு கேட்கும் பழக்கத்தைக் கற்றுத்தந்த அமைப்பு, வீடுகளில் மிகுதியாகப் புழங்கிய கருவியை வாயிலில் நிறுத்தியது.

அவ்வாயிலைத் திரைப்படம் சுற்றிக் கடந்தது. பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928 ஜூன் 24 அன்று பிறந்த எம். எஸ். விசுவநாதன், கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்று, பின்னர்ச் சென்னைத் திரையுலகில் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து ஆயிரக்கணக்கான மெட்டுகளை அமைத்தார். மெட்டு பிறந்தது ரீடின் ஒலியில். பதிவானது ஒலிவாங்கியின் முன். பதிவகத்தில் பாடகர் கடைசி வரிசைக்குப் பாடவேண்டியதில்லை; ஒரு சாண் தொலைவிலுள்ள செவிக்குப் பாடினால் போதும். 'பாவமன்னிப்பு' (1961) படத்தில் விசுவநாதன்–ராமமூர்த்தி இசையில் பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடியதைக் கேட்போர் இதை உடனே உணர்வர். நாடகக் கொட்டகையின் உச்சக் குரலுக்கும் அந்த மெல்லொலிக்கும் இடையே 30 ஆண்டுகளே கழிந்திருந்தன. தணிந்த ஒலியில் நிறைந்த நாதம் என்பது அப்போது தமிழ் வீடுகளின் பொதுச் சுவையாகவே ஆகிவிட்டது.

தெற்கே மலையேறினால் கதை மாறுகிறது. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று உருவானது. அதற்கு முன்பே தேவிகுளமும் பீர்மேடும் தமிழ் வரலாற்றில் எரியும் பெயர்கள். தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் மிகுந்திருந்த அவ்வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கவேண்டும் எனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956 மாநிலச் சீரமைப்பில் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் தமிழகம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன.

அடுத்த ஆண்டு கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அவ்வெற்றி செல்லாதென அறிவிக்கப்பட, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. மிகச் சிறிய பெரும்பான்மையில் நின்ற இ. எம். எஸ். அரசுக்கு அத்தொகுதி உயிர்நாடி. மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு அங்கே சென்று பாடினார். தோட்டத் தொழிலாளர் அறிந்த நாட்டார் மெட்டுகளிலும் திரை மெட்டுகளிலும் அரசியல் சொற்கள் ஏறின. ரோசம்மா மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்குண்டு என்பது இயக்கத்தின் நினைவில் இன்றும் நிற்கிறது. அக்குழுவில் பின்னர் அண்ணனோடு ஊர் ஊராகச் சென்று வாசித்த தம்பியே இளையராஜா.

எவ்வித மின்னிணைப்பும் இன்றி ஒருவர் தோளில் தூக்கிச் செல்லக்கூடிய கருவி ஆர்மோனியம். மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கு அது பொருந்தியது. பாலக்காட்டில் ஒலிபெருக்கியை மறுக்க ஒரு கலைஞருக்கு உரிமை இருந்தது. கேட்க வருவோர் இருந்ததால் அம்மறுப்புக்கு மதிப்பும் இருந்தது. தேவிகுளத்துத் தொழிலாளருக்கோ ஒலியைத் தணிப்பதா பெருக்குவதா என்னும் தேர்வே பின்னால் வருவது. தம் மொழியில் தம்மை நோக்கி ஒருவர் பாடுவதே முதல் தேவை. நாதத்தின் தூய்மை பற்றிய விவாதம், தம் குரல் கேட்கப்படும் என்ற உறுதி உடையவர்களுக்கே எளிதில் வாய்க்கிறது. மணி ஐயரின் மறுப்பை மதிப்பதற்கு இது தடையன்று. அம்மறுப்பு எந்தத் தளத்தில் நின்று சொல்லப்பட்டது என்பதை அறிய உதவும்.

இவ்விரு எல்லைகளையும் ஒரு சொல் விந்தையாக இணைக்கிறது. பாலக்காட்டில் 'லயம்' என்றால் தாளத்தின் ஒழுங்கு. மூணாறில் 'லயம்' என்றால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு. ஆங்கில 'லைன்' என்பதிலிருந்து வந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும் அச்சொல்லில், குதிரை கட்டும் 'லாயம்' என்னும் தமிழ் வழக்கின் சாயலும் கேட்கிறது. கல்பாத்தி அக்கிரகாரத்தின் பழைய வீடுகளும், தோட்டத்து லயங்களும் அண்டை வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்பவை. ஒன்றில் பகிர்ந்த சுவர் ஓர் இசை மரபைக் காதுவழிப் பரப்பியது. மற்றொன்றில் அது இடமின்மையின் அடையாளம். எனினும், சுவருக்கு அப்பால் ஒருவர் உறங்குகிறார் என்ற அறிவு இரண்டிலும் உண்டு.

இன்று சட்டமும் அதை எண்களில் சொல்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. அந்த 45 டெசிபெல்லுக்குள் மவுத் ஆர்கனின் நாதத்தை நிறைவாக எழுப்ப முயல்பவர், வாயையும் கையையும் முதலில் திருத்திக்கொள்ளவேண்டும். பிறகு ஒலிவாங்கியை அணுக்கமாக வைக்கவேண்டும். கடைசியாகவே குமிழைத் தொடவேண்டும். பர்லாந்தின் பட்டறையும் எம். எஸ். விசுவநாதனின் பதிவகமும் இந்த வரிசையைத்தான் பின்பற்றின.

ஒலிபெருக்கி என்னும் தமிழ்ச் சொல், பெருக்குவதே அக்கருவியின் வேலை என்று எண்ண வைக்கிறது. ஒலிவாங்கி என்னும் அதன் மறுமுனைச் சொல் சற்று நேர்மையானது: வாங்குவதற்கு அருகில் வரவேண்டும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் ஒலிவாங்கியின் வரலாறு, யார் யாருக்கு அருகில் வந்தார்கள் என்பதன் வரலாறாகவே எழுதப்படவேண்டியது. கச்சேரிகளும் இசைத்தட்டுகளும் ஓரளவு ஆவணமாகியுள்ளன. தோட்டத்து லயங்களில் பாடப்பட்டவை அவ்வாறு ஆகவில்லை. அவற்றைப் பாடியவர்களும் கேட்டவர்களும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் தணிந்த குரலில் சொல்வதைக் கேட்க, ஆய்வாளரின் ஒலிவாங்கி இனியாவது மலையேறவேண்டும்.